செங்கல் முகப்பு என்று சொல்லிச் சீமெந்தை ஒட்டிவிட்டுப் போனார்: கொழும்பில் வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்பக்கத்துக்குச் செங்கல் முகப்பு வைக்கும் யோசனை இருந்தால், யாருக்காவது முற்பணம் கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள். சுட்ட களிமண் டைல்ஸ் என்று காசு வாங்கிக்கொண்டு, சிவப்புச் சாயம் ஏற்றிய சீமெந்து வில்லைகளை எங்கள் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார் ஒருவர். சதுர அடி 620 ரூபாய், ‘எல்லாம் சேர்த்து’ என்று பேசிய வேலை அது. கடைசியில் பில் 731,200 ரூபாயாக வந்து நின்றது.

ஆளின் பெயரை இங்கே போடவில்லை. விஷயம் மத்தியஸ்த சபையில் இருக்கிறது, இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எப்படியும் இதே வித்தையைச் செய்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று இப்போதுதான் ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். அதனால் வித்தை எப்படி நடக்கிறது என்பதை எழுதுகிறேன்.

எங்கள் காணி காலி வீதிக்குக் கடல் பக்கம். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டத் தொடங்கினோம். 2022இல் சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தில் வேலை அத்திவாரத்தோடு நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி, கூரையும் போட்டு, முன்பக்கம் என்ன செய்வது என்ற கட்டத்துக்கு வந்தோம். என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே கோட்டையில் இருக்கும் கார்கில்ஸ் கட்டடத்தின் மேல் ஒரு கண். 1906இல் கட்டி முடித்தது, இன்றைக்கும் சிவப்பாக நிமிர்ந்து நிற்கிறது. வீட்டின் முகம் அந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்பது இவருடைய ஆசை. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் பெயின்ட் அடிக்கிற செலவும் மிச்சம்.

இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாரம். முழுச் செங்கல்லில் வெளிப்பக்கம் தனியாக ஒரு நாலரை அங்குலச் சுவர் எழுப்பினால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ வரும். அதைத் தாங்க அத்திவாரத்திலேயே இடம் விட்டிருக்க வேண்டும். உள்சுவரோடு பிணைக்கக் கம்பிகள் வேண்டும். கடலோரத்தில் சாதாரண இரும்புக் கம்பி துருப்பிடித்துவிடும், துருப்பிடிக்காத எஃகுதான் போடவேண்டும். உள்ளே போகும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் ஓட்டைகளும் விடவேண்டும். எங்கள் அத்திவாரம் எப்போதோ போட்டு முடித்தாயிற்று, ஆகவே அது முடியாது என்று எஞ்சினியர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது 20 மில்லிமீட்டர் தடிப்பில் வரும் செங்கல் டைல்ஸ். பசையையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 40 கிலோ அளவில்தான் வரும், கட்டி முடித்த சுவரிலேயே ஒட்டலாம். அத்திவாரம் போடாதவர்கள் இந்த முடிவை இப்போதே எடுங்கள். போட்ட பிறகு உங்களுக்கு இருக்கும் தெரிவு இது மட்டும்தான், அது நம்மைவிட விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆளைச் சொந்தக்காரர் ஒருவர் மூலம்தான் பிடித்தோம். வெள்ளைச் சட்டை, சேட்டுப்பையில் அளவு நாடா, வாய் நிறைய ‘அக்கா’. துணிப்பையிலிருந்து மாதிரிக்கு இரண்டு டைல்ஸ் எடுத்து வைத்தார். நல்ல சாமான். ஒன்றோடொன்று தட்டினால் மணிபோல் சத்தம் வந்தது. ஓரத்தில் நெருப்புப் பட்ட கருமை, இரண்டுக்கும் நிறத்தில் மெல்லிய வித்தியாசம், பின்பக்கம் நீளவாக்கில் கோடுகள். வைக்கால் பக்கத்து ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றில் எடுப்பதாகச் சொன்னார். அந்தப் பக்கம், தங்கொட்டுவ வரைக்கும், களிமண் வேலைக்குப் பேர் போன இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். நம்பக்கூடிய கதைதான். ஒரு மாதிரியை வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டேன். ‘வேற ஒரு சைட்டுக்கும் காட்ட வேணும் அக்கா, நாளைக்குக் கொண்டு வந்து தாறன்’ என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

விலை பேசும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்டது, 620க்குள் என்னென்ன அடங்கும் என்பதைத்தான். ‘எல்லாம் சேர்த்துத்தான் அக்கா. நீங்க ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்ல. நம்ம ஆக்களுக்கு நான் அப்பிடி இப்பிடிச் செய்வனா?’ அவர் எழுதித் தந்த கடதாசியிலும் ‘பிரிக் கிளாடிங் வேலை, சதுர அடி 620’ என்று ஒரே வரிதான். எங்கள் முன்பக்கம் 30 அடி அகலம், 24 அடி உயரம். ஜன்னல், கதவு, பால்கனி வாசல் எல்லாம் கழித்தால் ஒட்டவேண்டிய சுவர் 530 சதுர அடி. அந்தக் கணக்கில் 328,600 ரூபாய். நாலு லட்சத்துக்குள் முடியும் என்று வைத்திருந்தோம். அறுபது வீதம் முற்பணம் கேட்டார், சாமான் எடுக்க வேண்டுமாம்.

பில் வந்தபோது முதல் வரியே 720 சதுர அடி. ஜன்னலையும் கதவையும் கழிக்கவில்லை. ‘அந்த இடத்தில வெட்டி ஒட்டுற வேலை கூட, அதனால கழிக்கிறதில்லை’ என்றார். சரி, அப்படி ஒரு வழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியில் அதே ஜன்னல் ஓரங்களுக்கு 140 அடி நீளம் என்று தனியாக 63,000 ரூபாய் போட்டிருந்தார். ஓட்டையையும் சுவராக எண்ணி 117,800 எடுத்துக்கொண்டு, ஓட்டையின் ஓரத்துக்கும் தனிக்காசு. அதன் கீழே மூலைக்கல் 26,400, ஸ்கஃபோல்டிங் (சாரம்) வாடகை 45,000, பொயின்டிங், அதாவது கல்லுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பது, 57,600, மேலே அடித்த லாக்கர் பூச்சு 64,800, லொறிக்கூலி 28,000. பொயின்டிங் இல்லாமல் செங்கல் டைல்ஸ் ஒட்டுகிற வேலை என்று உலகத்தில் ஏதாவது இருக்கிறதா? மூலை இல்லாத வீடு இருக்கிறதா? ‘எல்லாம் சேர்த்து’ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். ‘ஒட்டுற வேலை எல்லாம் சேர்த்து எண்டுதான் சொன்னனான்’ என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

நீங்கள் விலை கேட்கும்போது சதுர அடியில் கேட்பதோடு நிறுத்தாதீர்கள், கல்லின் எண்ணிக்கையிலும் கேளுங்கள். இலங்கைத் தரநிர்ணயத்தில் செங்கல்லின் அளவு 220க்கு 105க்கு 65 மில்லிமீட்டர். டைல்ஸும் பெரும்பாலும் அதன் முகத்தின் அளவில், 220க்கு 65இல்தான் வரும். 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டினால் சதுர மீட்டருக்கு 58 கல், சதுர அடிக்கு 5.4. மேசன் பாஸ்மார் சொல்லும் கணக்கில் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, 540 கல். எங்கள் 530 சதுர அடிக்கு 2,860 கல், உடைவு வெட்டு என்று 8 வீதம் கூட்டினால் 3,100க்குக் கிட்ட. இந்த எண்ணிக்கை கையில் இருந்தால் 720 சதுர அடிக்குச் சாமான் இறக்கினேன் என்று ஒருவர் சொல்ல முடியாது. மூலைக்கு எல் வடிவில் தனிக்கல் வருமா, இல்லை இரண்டு டைல்ஸைச் சாய்த்து வெட்டிச் சேர்ப்பாரா என்பதையும் முதலே எழுதி வாங்கவேண்டும். இரண்டுக்கும் விலை வேறு, பார்வையும் வேறு. சாய்த்து வெட்டிச் சேர்த்தால் கிட்டப் போனவுடன் அது ஒட்டுவேலை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பில்லை விடப் பெரிய மோசடி சாமானில்தான். பெட்டிகள் வந்தது பொழுது பட்ட பிறகு, ஒரு பட்டா லொறியில். மட்டைப்பெட்டியில் தொழிற்சாலையின் பெயர் இல்லை, இலக்கம் இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கே ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். பத்துமணிக்குத் தேநீர் கொண்டுபோனபோது கீழே கிடந்த உடைசல்களைப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறம். கேட்டவுடன் பதில் தயாராக இருந்தது: ‘நல்லா வெந்த கல் அக்கா, சூளையில கூடச் சுட்டா உள்ளுக்குக் கறுக்கும்.’

இந்தப் பதிலைக் கவனியுங்கள், ஏனென்றால் இதில் பாதி உண்மை. சூளையில் காற்றுப் போதாமல் சுட்ட செங்கல்லின் நடுவில் கறுப்பு விழுவது உண்டு. ஆனால் அந்தக் கறுப்பு நடுவில் இருந்து வெளியே வர வர மெதுவாகச் சிவப்பில் கரையும். எங்கள் கையில் இருந்ததில் முகப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் சிவப்பு, அதன் பின் கத்தியால் கீறியது போல ஒரு கோடு, அதற்கு அப்பால் முழுக்கச் சாம்பல். சாம்பலுக்குள் மணலும் கருங்கல் தூளும் மினுங்கியது. பின்பக்கத்தில் கோடுகள் இல்லை, ஊசி முனையளவில் காற்றுக்குமிழித் துளைகள் இருந்தன. அச்சில் சீமெந்து ஊற்றி எடுத்ததன் அடையாளம் அது. நிறமும் ஒவ்வொரு கல்லிலும் அச்சு அசல் ஒன்று. சூளையில் வெந்த களிமண் ஒருநாளும் அப்படி வராது, நெருப்புக்குக் கிட்ட இருந்தது ஒரு நிறம், தள்ளி இருந்தது ஒரு நிறம். இதையெல்லாம் எனக்கு விளக்கியது கட்டடத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியப்பா. உடைசலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘பிள்ளை, இது சூளையைக் கண்ணாலும் கண்டதில்லை’ என்றார். அதற்குள் கீழ்த்தளம் முழுக்க ஒட்டி முடித்திருந்தார்கள்.

நிறுத்தச் சொன்னோம். ஆள் வந்தார். தொழிற்சாலையில் சாமான் மாறி வந்திருக்கலாம், விசாரித்துச் சொல்கிறேன், ஆனால் வேலையை நிறுத்தினால் ஸ்கஃபோல்டிங் வாடகை நாளுக்கு நாள் ஏறும், அது உங்கள் கணக்கு என்றார். அன்று மாலை நாங்கள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து மேல்மாடி வேலையும் தொடங்கியாயிற்று.

மிச்சத்தை மழை செய்தது. ஒட்டி முடித்தது ஜூலையில். செப்டெம்பர் கடைசியில் பால்கனிக்குக் கீழே வெள்ளை படர ஆரம்பித்தது. ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கியதும் முகப்பு முழுக்க விபூதி பூசிய மாதிரி. ‘கடல் காத்து அக்கா, உப்பு’ என்றார் தொலைபேசியில். கடற்கரைப் பக்கம் செங்கல்லில் உப்புப் பூப்பது உண்மைதான். கல்லிலும் மணலிலும் இருக்கும் உப்பு, தண்ணீரோடு வெளியே வந்து காய்ந்து வெள்ளையாக நிற்கும். கழுவாத கடல் மணலைப் பயன்படுத்தினாலும் வரும். ஆனால் அந்த உப்பு ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், பிறகு திரும்ப வந்தாலும் வரும். எங்கள் சுவரில் இருந்தது துடைத்துப் போகவில்லை. பெரியப்பா சொல்லி, ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பார்த்தேன். சுர்ரென்று நுரைத்தது. சீமெந்தில் இருக்கும் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து மேலே வந்து, காற்றோடு சேர்ந்து கெட்டியாகிவிட்டது. அதற்குக் கடற்காற்றைக் குற்றம் சொல்ல முடியாது. அதோடு, மேலே பளபளப்புக்காக அடித்த லாக்கர் ஒரு தோல் போல மூடிக்கொண்டதால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், ஆங்காங்கே கொப்பளம் கட்டி உரிந்தது. வெளிச்சுவருக்கு அடிப்பதென்றால் ஈரம் மூச்சுவிடக்கூடிய சிலிக்கோன் வகைக் காப்புத்தான் அடிக்கவேண்டும், அதுவும் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு. பளபளப்புத் தெரிந்தாலே சந்தேகப்படுங்கள்.

உள்ளே ஈரம் எப்படிப் போனது என்பதும் பிறகு தெரிந்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலையை மூடாமல் டைல்ஸை விளிம்போடு நிறுத்தியிருந்தார். தென்மேற்குப் பருவக்காற்றில் கடலில் இருந்து வரும் மழை மேற்குச் சுவரில் நேராக அடிக்கும் என்பது இந்தப் பக்கம் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் முகப்பு மேற்குப் பார்த்தது. மேலே ஒரு மூடுகல்லும், தண்ணீர் சொட்ட ஒரு பள்ளக்கோடும் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. அது பெரிய செலவும் இல்லை.

இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்று இரண்டு பொடியன்களை அனுப்பினார். அவர்கள் சுவரை நனைக்காமலே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தும்புத்தடியால் தேய்த்தார்கள். வெள்ளை போனது, சிவப்பும் கூடவே போனது. களிமண் கல்லில் நிறம் உள்வரைக்கும் இருக்கும், இதில் தோலில் மட்டும்தானே. அமிலம் ஒழுகி அலுமினிய ஜன்னல் சட்டங்களிலும் புள்ளி விழுந்துவிட்டது. அதற்குள் நவம்பர். தீபாவளி முடியட்டும் என்றார். பிறகு நத்தார் முடியட்டும் என்றார்.

இந்த இழுத்தடிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், சொன்ன உத்தரவாதத்துக்கு மாறான சாமானைப் பற்றிய முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள், ஆனால் கடதாசி நீங்கள்தான் கொடுக்கவேண்டும். ஆள் ‘நாளைக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்த மூன்று மாதம் கடந்துபோனது. உங்களுக்குச் சாமானில் சந்தேகம் வந்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சமாதானப் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும்.

ஜனவரியில் மேலிருந்து ஒரு வில்லை கழன்று கேற்றுக்குப் பக்கத்தில் விழுந்தது. பிள்ளைகள் பாடசாலை வான் வரும்வரை நிற்கிற இடம். அன்றே ஹொரணையில் இருந்து வேறு ஒரு பாஸைக் கூப்பிட்டோம். அவர் ஒரு ஸ்பானரின் பின்பக்கத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். மேல்மாடியில் மூன்றில் ஒரு பங்கு டொக் டொக் என்று வெறும் சத்தம். ஒன்றை நெம்பி எடுத்துக் காட்டினார். பின்னால் நடுவில் மட்டும் ஒரு கட்டி வெறும் சீமெந்துச் சாந்து, சுற்றிவர வெற்றிடம். டைல்ஸ் ஒட்டும் பசை ஒரு பொட்டும் இல்லை. வழுவழுப்பாகப் பூசிய சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்கவும் இல்லை. வெளிச்சுவரில் ஒட்டும்போது சுவரிலும் பசை பூசி, கல்லின் முதுகிலும் பூசி, இடைவெளி இல்லாமல் அமர்த்தவேண்டும் என்று அவர் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிக் கையால் செய்தும் காட்டினார். தூணும் சுவரும் சந்திக்கும் கோட்டுக்கு மேலே ஒரே வில்லையை ஒட்டாதீர்கள், அங்கேதான் முதல் வெடிப்பு வரும் என்றும் சொன்னார்.

இப்போது நான் டைல்ஸ் பார்க்கப் போனால் செய்வது இதுதான். இரண்டு கல் காசு கொடுத்து வாங்கி வருவேன். ஒன்றை உடைத்து உள்ளே பார்ப்பேன். மற்றதைக் காயவைத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, 24 மணித்தியாலம் தண்ணீரில் போட்டு, துடைத்துவிட்டுத் திரும்ப நிறுப்பேன். 500 கிராம் கல் 575 ஆனால் 15 வீதம் தண்ணீர் குடிக்கிறது என்று கணக்கு. இந்தியத் தரநிர்ணயத்தில் சாதாரணக் கட்டடச் செங்கல்லுக்கே 20 வீதம்தான் மேல் எல்லை. கடலுக்குப் பக்கத்து மேற்குச் சுவருக்கு அதற்கும் நல்லாகக் கீழே இருக்கவேண்டும். பிறகு ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் கல்லை நிமிர்த்தி வைத்து, தண்ணீர் முழுக்க வற்றியதும் மேலே வெள்ளை பூக்கிறதா என்று பார்ப்பேன். பெரிய அளவில் வாங்குகிறவர்கள் ஜாவத்தை வீதியில் இருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். சோதித்த கல்லின் பின்பக்கத்தில் விற்பவரிடம் கையெழுத்தும் திகதியும் வாங்கி, வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் காசு. கையெழுத்துப் போட மறுப்பவரிடம் வேறு எதையும் கேட்கத் தேவையில்லை.

காசையும் சாமானுக்கு வேறாக, கூலிக்கு வேறாகப் பிரித்துவிடுவேன். சாமானைத் தொழிற்சாலையில் நேரே எடுத்து, பற்றுச்சீட்டை என் பெயரில் வாங்குவேன். கூலியில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை பிடித்துவைப்பேன் என்று உடன்படிக்கையில் எழுதுவேன். ‘அப்பிடி ஒருத்தரும் செய்றதில்லை அக்கா’ என்பார்கள். ஹொரணைப் பாஸ் ஒத்துக்கொண்டார்.

மத்தியஸ்த சபையில் ஆள் முதல் தவணைக்கு வரவில்லை. அடுத்ததற்கு வந்து, செங்கல் என்று தான் ஒருபோதும் சொல்லவில்லை, ‘பிரிக் டிசைன்’ என்றுதான் சொன்னேன் என்றார். அவருடைய வாட்ஸ்அப் செய்திகள் என்னிடம் இருக்கின்றன, அதில் ‘வைக்கால் களிமண்’ என்று இருக்கிறது. இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகவேண்டியதுதான். இதற்கிடையில் மேல்மாடியை முழுக்கக் கழற்றிப் பூசிவிட்டோம். கீழே வாசலைச் சுற்றி மட்டும் நிஜமான களிமண் டைல்ஸ், நாங்களே வைக்காலுக்குப் போய் எடுத்தது.

ஆள் இன்னும் பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறார். அதில் கறுப்புக் கேற்று, வெள்ளைப் பால்கனிக் கம்பி, ஒரே சீராகச் சிவந்த முகப்போடு ஒரு இரண்டு மாடி வீட்டின் படம் வருகிறது. அது எங்கள் வீடு, வேலை முடிந்த அன்று எடுத்த படம். அதைப் பார்த்து யாராவது விலை கேட்க நினைத்தால் முதலில் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். கழற்றிய வில்லைகள் நாலு மூட்டை பின்வளவில் கிடக்கின்றன, உடைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம்.